வேண்டாம் என்ற சொல்

எங்கள் கொங்கு நாட்டில் விருந்துக்குப் போகிறவன் உண்ணத் தெரிந்தவனாய் இருந்தால் மட்டும் போதாது. மறுக்கவும் தெரிந்தவனாய் இருத்தல் வேண்டும். இலையின்மேல் இரண்டு கைகளையும் குடைபோலக் கவித்துக்கொண்டு, "போதுமுங்க, வேண்டாமுங்க" என்று விருந்தாளி கெஞ்சுவதும், "அட, இத்தனூண்டு சாப்பிட்டா எப்படீங்க" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கைகளின் இடுக்கு வழியாக ஒரு கரண்டி நெய்யையாவது வீட்டுக்காரர் இறக்கிவிடுவதும், வென்றவர் யார் தோற்றவர் யார் என்று சொல்ல இயலாதபடி அந்தப் பிணக்கு இனிதே முடிவதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் சம்பிரதாயம். சத்தியமங்கலத்தில் பிறந்து, அங்கேயே முப்பத்தைந்து வருஷம் தமிழாசிரியனாக உத்தியோகம் பார்த்து, அங்கேயே பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கும் நான் இந்த மறுக்கும் கலையில் தேர்ந்தவன் என்பது ஊரார் அபிப்பிராயம். பந்தியில் மட்டுமன்று, மகன் வாங்கித் தருவதாகச் சொன்ன ஏ.சி., படியேறும்போது யாரேனும் நீட்டும் கை, பஸ்ஸில் இளைஞர் எழுந்து தரும் இடம் ஆகிய எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்ற ஒரே விடையைத் தந்து, அதை ஒரு வைராக்கியமாகவே எண்ணி வாழ்ந்துவந்தேன். அந்தச் சொல் பதினைந்து நாட்கள் என்னிடமிருந்து பறிபோயிற்று.

மூன்று வருஷங்களுக்கு முன், ஒரு தை மாதத்துக் காலையில், பண்ணாரி அம்மனைத் தரிசிக்க மொபெட்டில் புறப்பட்டபோது, என் மனைவி வாசல்வரை வந்து ஹெல்மெட்டை நீட்டினாள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்வருவதற்குத் தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொள்வதா என்று எண்ணி, வழக்கமான அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பும் வழியில், திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிவந்த ஒரு லாரிக்காக ஒதுங்கியவன், சாலையோரத்து மணலில் சறுக்கி, முகவாயைத் தரையில் பதித்து விழுந்தேன். லாரிக்காரர்மீது குற்றமில்லை, முதலில் ஓடிவந்தவரே அவர்தாம். வலிக்கு முன்னதாக நான் உணர்ந்தது ஒரு விநோதம்: என் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அறுபது வருஷமாக யாரும் சொல்லித் தராமலே வந்து பொருந்திக்கொண்டிருந்த மேல் வரிசையும் கீழ் வரிசையும், பூட்டும் அடுத்த வீட்டுச் சாவியும்போல முட்டிக்கொண்டு நின்றன. தாடை முறிந்ததற்கு அதுவே முக்கியமான அடையாளம் என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

லாரிக்காரர் தம் தோள் துண்டை எடுத்து, என் முகவாய்க்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். முறிந்த தாடை அசையாதிருக்க அது நல்ல உபாயந்தான். ஆனால் உயிர் பிரிந்த உடம்பின் வாய் திறந்துகொள்ளாதபடி நம்மவர்கள் போடுகிற வாய்க்கட்டும் அதே கட்டு அல்லவா? சத்தி அரசு மருத்துவமனை வாசலில், ஆம்புலன்ஸில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என்னைக் கண்ட பூக்காரக் கிழவி ஒருத்தி மல்லிகைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அட சாமி, உசுரோடத்தான இருக்காரு?" என்று சுற்றியிருந்தவர்களைக் கேட்டாள். இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. கையை ஆட்டிக் காண்பித்தேன். அங்கிருந்து கோயம்புத்தூர் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். புளியம்பட்டி, அன்னூர், கோவில்பாளையம் என்று எத்தனையோ முறை தூங்கிக்கொண்டே போன அந்தப் பாதையில் வேகத்தடைகள் எத்தனை என்பதை அன்றைக்கு என் தாடை ஒன்றுவிடாமல் எண்ணிக் கணக்குச் சொல்லிற்று.

கண்ணாடி வளையலை ஒரு பக்கம் தட்டினால் எதிர்ப்பக்கமும் விண்டுபோகிறதல்லவா, லாடம்போல் வளைந்த கீழ்த்தாடையின் கதையும் அதுவே. முகவாய்க்கு இடப்புறம் கோரைப்பல்லுக்கு அருகில் ஒரு முறிவு. வலது காதோரத்து மூட்டுக்குக் கீழே மற்றொரு முறிவு. முகவாயில் அடிபட்டு வருகிறவர்களிடம் இந்த ஜோடி மிகவும் சகஜமாம். முன்பக்கத்து முறிவுக்கு, வாய்க்குள்ளேயே ஈறை ஒட்டிக் கீறி, டைட்டானியத்தாலான சிறு தகடுகளைத் திருகாணியால் பொருத்துவது. மூட்டோரத்து முறிவைக் கத்தியால் தொடாமல், மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் சேர்த்துக் கம்பியால் கட்டி, இரண்டு வாரம் அசையாமல் வைத்துத் தானே கூடவிடுவது என்று டாக்டர் தீர்மானித்தார். தகடுகள் இல்லாத காலத்தில் ஆறு வாரம் வரையில் அந்த வாய்ப்பூட்டு ஒன்றே வைத்தியம் என்றும், ஆகையால் நான் பாக்கியசாலி என்றும் சொன்னார். முகவாயையும் சேர்த்து மூடுகிற ஹெல்மெட்டாக இருந்திருந்தால் இந்தப் பாக்கியமே தேவைப்பட்டிராது என்றும் கூடவே சொன்னார். என் மனைவி அப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்பது வருஷ இல்லறத்தில் அவள் செய்த பெரிய உபகாரங்களில் அதுவும் ஒன்று.

மயக்க மருந்தின் சரித்திரத்தில் தாடைக்கு ஒரு விசேஷமான இடம் உண்டு. 1846-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி, பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில், ஈதரை முகரச் செய்து உலகறிய நடத்திக் காட்டப்பட்ட சஸ்திர சிகிச்சை ஒரு வாலிபனுக்குத் தாடையின் கீழே இருந்த கட்டிக்காகச் செய்யப்பட்டதே. ஈதரைக் கொடுத்தவரும் மார்ட்டன் என்ற பல் வைத்தியர். அதற்கு முந்திய காலங்களில், நான்கு பேர் பிடித்துக்கொள்ள, நோயாளி 'வேண்டாம், வேண்டாம்' என்று அலற அலறத்தான் கத்தி தன் வேலையைச் செய்தது. எனக்கோ அலற அவசியமும் இல்லை, அவகாசமும் இல்லை. வாய்க்குள் வேலை நடக்கவேண்டியிருப்பதால் சுவாசக் குழாயை மூக்கு வழியாகச் செலுத்தப்போவதாக ஒரு டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தது பாதி காதில் விழுந்தது. மறுபாதி விழுவதற்குள் மூன்று மணி நேரம் கடந்துபோயிருந்தது.

விழித்தபோது வலி பயந்த அளவுக்கு இல்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆனால் தாடைச் சிகிச்சையின் அவஸ்தை வலியில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது. குழாய் இருந்த தொண்டை காய்ந்து எரிகிறது; மூக்கில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது; முகம் வேறொருவருடைய பாரமான பொருளைச் சுமப்பதுபோல் இருக்கிறது; இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வாயைத் திற என்று மனம் இட்ட கட்டளையை வாய் கேளாதிருக்கிறது. இருமல் வந்தபோதும், மூச்சு முட்டுவதாகத் தோன்றியபோதும், தண்ணீர் வேண்டியபோதும் உடம்பு முதலில் செய்யும் காரியம் வாயைத் திறப்பதே என்பது அது திறவாதபோதுதான் தெரிந்தது. "பல்லுச் சந்துலயும் காத்து வருமுங்கய்யா, பயப்படாம மெதுவா இழுங்க" என்று ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன அந்த வாக்கியத்தை நான் படித்த எந்தச் சாத்திரத்தினும் மேலானதாகக் கருதுகிறேன். வாந்தி வந்தால் அது வெளியேற வழியில்லாமல் உயிருக்கு அபாயமாகலாம் என்பதால், அதைத் தடுக்க ஊசி போட்டிருந்தார்கள். அதையும் மீறினால் வெட்டிவிடுவதற்கென்று ஒரு சிறு கம்பி வெட்டியைக் கட்டிலோரத்தில் தொங்கவிட்டு, எந்தெந்தக் கம்பியை வெட்டவேண்டும் என்று என் மனைவிக்குக் கற்பித்தார்கள். அவள் அதைச் சாவிக்கொத்தோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பீரோவின் திறவுகோலும் புருஷன் வாயின் திறவுகோலும் ஒரே வளையத்தில் தொங்கின.

வீக்கம் முதல் நாளில் அவ்வளவு இல்லை. இரண்டாம், மூன்றாம் நாட்களில்தான் உச்சத்துக்குப் போகிறது. ஐஸ் ஒத்தடம் கொடுத்தும், தலையை உயர்த்திச் சாய்ந்தபடியே தூங்கியும் அதைக் கொஞ்சம் குறைக்கலாமேயன்றித் தடுக்க இயலாது. எதிர்க்கட்டிலில், கோபிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், கல்லூரி முடித்தவள், என்னைப்போலவே வீங்கிய முகத்தோடும் கட்டிய பற்களோடும் சாய்ந்திருந்தாள். அவளும் எங்கேயோ விழுந்தவள் என்றே முதலில் நினைத்தேன். விழவில்லை, தானாக விரும்பி வந்தவள். அவளுடைய கீழ்த்தாடை பிறவியிலிருந்தே முன்னோக்கி வளர்ந்து, முன்பற்களால் ஒரு முறுக்கைக் கடிக்க முடியாதிருந்ததாம். ஒன்றரை வருஷம் பல்லுக்குக் கிளிப் போட்டு வரிசைப்படுத்தி, பிறகு மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் அறுத்து நகர்த்தித் தகடு வைத்திருந்தார்கள்.

அந்தச் சிகிச்சையைப் பற்றிப் பின்னால் படித்து வியந்தேன். தீக்காயத் தழும்பு இழுத்துக் கோணிப்போன ஒரு பெண்ணின் தாடையை அமெரிக்காவில் ஹல்லிஹென் என்பவர் 1849-இலேயே அறுத்துச் சரிசெய்திருக்கிறார். ஈதர் வந்து மூன்றே வருஷந்தான் ஆகியிருந்தது. பிரான்ஸ் தேசத்து லெ ஃபோர் என்ற வைத்தியர் 1901-இல், இறந்தவர்களின் தலைகளைப் பலவாறு மோதச்செய்து, முக எலும்பு எந்தெந்தக் கோட்டில் பிளக்கிறது என்று கண்டறிந்து எழுதினார்; விபத்தில் முறியும் அந்தக் கோட்டை ஒட்டியே இன்றைக்கு மேல்தாடையை வேண்டுமென்றே அறுத்து நகர்த்துகிறார்கள். கீழ்த்தாடையைக் குறுக்கே துண்டிக்காமல், பலகையை நீளவாக்கில் பிளப்பதுபோல இரண்டாகப் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பொருந்தச் செய்யும் முறையை ஒப்வேகசர் என்பவரும் அவருடைய ஆசிரியர் டிரவ்னரும் 1957-இல் ஆங்கிலப் பத்திரிகையில் வெளியிட்டு உலகறியச் செய்தார்கள். எனக்கு மணலில் நேர்ந்தது அவளுக்கு அளவுகோல் வைத்து நேர்ந்தது, வித்தியாசம் அவ்வளவே.

எனக்கு ஒரு சிலேட்டு வாங்கித் தந்திருந்தார்கள். அவளிடம் செல்போன் இருந்தது. பேச வாயில்லாத நாங்கள் இருவரும், சிலேட்டைத் தூக்கிக் காட்டியும், செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டியும், ஓர் அறையின் குறுக்கே சம்பாஷித்தோம். எந்த நாளில் எவ்வளவு வீங்கும், எப்போது உதடு மரத்திருக்கும், எந்த வாரத்தில் எதை உண்ணலாம் என்பதெல்லாம் அவளுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தன. நான்காம் நாள்போல மனம் சோர்ந்து அழுகை வரலாம் என்பதுகூடச் சொல்லப்பட்டிருந்ததாம். அப்படிச் சொல்லப்பட்டிருந்தும் மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். எதிர்பார்த்த கஷ்டம் என்பதனால் கஷ்டம் குறைகிறதா என்ற கேள்வியை நான் அன்றைக்கு வெகுநேரம் சிந்தித்தேன். குறைவதில்லை, ஆனால் அதை ஒரு தண்டனை என்று எண்ணாமல் ஒரு கட்டம் என்று எண்ண முடிகிறது. அவளுக்குத் துணையாயிருந்த அம்மாயிக்கு அந்தத் தெம்பும் இல்லை. "உன்ற மூஞ்சிக்கு என்னாயா கொறச்சல், நல்லாத்தான இருந்துச்சு" என்று அந்த மூதாட்டி மணிக்கொரு தரம் முனகிக்கொண்டிருந்தாள். தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த தன் முகத்தையே ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்பதே அவளுடைய துக்கம்; அந்தத் தாடை தன் தாடையைப் போன்றது என்பதும் கிழவியின் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அன்று மாலையில் பேத்தி எனக்கு ஒன்று எழுதிக் காட்டினாள்: "பழைய மூஞ்சி கொஞ்சம் ஞாபகம் வருதுங்க சார்." நான் சிலேட்டைக் கையில் எடுத்தேன், எழுதுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை. என் வாழ்நாள் முழுவதும் நான் சொன்ன 'வேண்டாம்' எதற்கும் இத்தனை விலை கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்தபின்தான் ஆகாரப் பிரச்சினை முழு உருவில் எழுந்தது. பல வருஷங்களுக்கு முன் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க நேர்ந்து, அதன் பொருட்டு நான் வருந்தாத நாளில்லை. அந்த இடைவெளியே இப்போது என் அன்னசத்திரத்தின் வாசலாயிற்று. சிரிஞ்சின் நுனியில் மெல்லிய ரப்பர்க் குழாயை மாட்டி, கன்னத்தின் உட்புறமாகச் செலுத்தி, அந்தச் சந்தின் வழியே திரவ ஆகாரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கவேண்டும். கொள்ளு ரசம், செலவு ரசம், மோரில் கரைத்த கம்பங்கூழ், ராகிக் கஞ்சி, நாட்டுக்கோழிச் சாறு என்று எங்கள் நாட்டு உணவெல்லாம் மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டப்பட்டு என்னிடம் வந்தன. ஓர் ஆச்சரியம் சொல்கிறேன்: மெல்லாமல் விழுங்கும் உணவுக்கு ருசி பாதிதான். மென்றால்தான் மணம் மேலேறுகிறது போலும். நாக்குக்கு உப்பும் புளிப்பும் தெரிகின்றன, கம்பு கம்பாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் உப்புநீரால் கொப்பளித்து, குழந்தைகளுக்கான சிறு பிரஷ்ஷால் கம்பிகளைத் துலக்கவேண்டும்; அதில் சோம்பினால் புண் சீழ்பிடித்துவிடும். இவ்வளவு பிரயாசைப்பட்டும் இரண்டு வாரத்தில் 72 கிலோவிலிருந்து 66-க்கு இறங்கினேன்.

இரண்டு சிரிஞ்சு உள்ளே போனவுடன் சிலேட்டில் 'போதும்' என்று எழுதி நீட்டுவேன். என் மனைவி அதை வாங்கித் தூரத்தில் பிடிப்பாள், அருகில் பிடிப்பாள், பிறகு, "ஏனுங்க, கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டனுங்க, எழுத்தே தெரியல" என்று சொல்லிவிட்டு மூன்றாவது சிரிஞ்சை நிரப்புவாள். 'வேண்டாம்' என்று பெரிதாக எழுதினாலும் அதே பதில். காலையில் செய்தித்தாளில் மல்லிகைப்பூ ஏல விலையைப் படிக்கும்போது மூக்கின்மேல் இருந்த கண்ணாடி, எனக்குக் கஞ்சி வார்க்கும் நேரத்தில் மட்டும் காணாமற்போகும் மர்மம் எனக்கு ஐந்தாம் நாளில்தான் விளங்கியது. கோபம் வந்தது. நாற்பது வருஷமாக நான் சொன்ன 'வேண்டாம்' எல்லாவற்றையும் அவள் வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தாள் என்பதும், அவற்றுள் பலவற்றை என் உண்மையான தேவையைவிட என் கௌரவமே சொல்லியிருந்தது என்பதும், பேச முடியாமல் கோபப்பட்டுக்கொண்டிருந்த அந்தச் சாய்வு நாற்காலியில்தான் எனக்கு மெல்ல மெல்லத் தோன்றத் தொடங்கின. மறுத்துச் சொல்கிறவனிடம் யாருக்கும் கடன்படாத ஒரு மேட்டிமை இருக்கிறது. கையேந்துவது எளிது என்று யார் சொன்னார்களோ தெரியாது; எனக்கு அதைப்போல் கடினமான பாடம் வேறொன்று வாய்க்கவில்லை. கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு கோயிலுக்கு நடக்கும் பக்தனும் பேசுவதில்லைதான். ஆனால் அவன் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டவன்.

வியன்னாவில் வாழ்ந்த பிராய்டின் சரித்திரத்தை அந்த நாட்களில் மறுபடியும் எடுத்துப் படித்தேன். 1923-ஆம் வருஷத்தில் வாய்ப் புற்றுநோய்க்காக மேல்தாடையில் ஒரு பகுதியை இழந்த அவர், 1939-இல் இறக்கும்வரை முப்பதுக்கும் அதிகமான தடவை கத்திக்கு உட்பட்டார். வாய்க்கும் நாசிக்கும் நடுவே தடுப்பாக வைத்த செயற்கைத் தகடு ஓயாமல் புண்ணாக்கியது. வலிக்கு ஆஸ்பிரினைத் தவிர வேறெந்த மருந்தும் வேண்டாம் என்று ஏறக்குறைய கடைசிவரையில் மறுத்த அந்த மனிதரால், நோய்க்குக் காரணமான சுருட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்ல இயலவில்லை. மகள் ஆனாவைத் தவிர வேறு யாரையும் தமக்குச் சிசுருஷை செய்ய அனுமதிக்காத அவர், ஆரம்பத்திலேயே அவளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டாராம்: இரக்கத்தையோ துக்கத்தையோ முகத்தில் காட்டாமல், வேலையை வேலையாகவே செய்யவேண்டும் என்பது அது. ஏற்றுக்கொள்வதிலும் தம் மானத்துக்கு ஒரு வரப்பு கட்டிக்கொண்ட புத்திசாலி. எங்கள் வீட்டில் ஒப்பந்தம் என்ற ஒன்று கிடையாது; காணாமற்போகும் ஒரு மூக்குக்கண்ணாடிதான் அந்த ஸ்தானத்தை வகித்தது.

விசாரிக்க வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்லைக் கட்டிப் போட்டிருப்பவனுக்கு ஆப்பிளும் பிஸ்கட்டும் கொண்டுவரும் அன்பர்கள் இருக்கிறார்கள். வாய் பேசாதவனுக்குக் காதும் கேளாது என்றெண்ணி உரக்கக் கத்துகிறவர்கள் இருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த வடமொழிப் பண்டிதர் ஒருவர் மட்டும் மெதுவான குரலில், "ஹனு என்றால் தாடை, இந்திரன் வஜ்ராயுதத்தால் அடித்துத் தாடை உடைந்ததனால்தான் அவன் ஹனுமான். கம்பனில் இராமன் அவனைத்தானே சொல்லின் செல்வன் என்கிறான்? தாடை உடைந்தவருக்குச் சொல் போய்விடுமென்று கவலைப்படாதீர்" என்றார். இன்னொருவர் 1967-ஐ நினைவூட்டினார். அந்த ஜனவரி 12-ஆம் தேதி குண்டடிபட்டுக் குரல் மாறிப்போன எம்.ஜி.ஆர்., கழுத்துக் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்த படத்தைக்கொண்டே தேர்தலில் வென்று, மாறிய குரலிலேயே பின்னும் பல வருஷம் நடித்ததையும், பேசியதையும், ஆண்டதையும் எடுத்துரைத்தார். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு இயன்றது. மாணவர்கள் முன்னிலையில் அத்தனை வருஷம் பேசிய காலத்தில் நான் இவ்வளவு கேட்டதில்லை.

கீழுதட்டின் இடப்பாதியும் முகவாயும் மரத்துப்போயிருந்தன. தாடை எலும்பின் உள்ளே ஓடி, முறிவு நேர்ந்த இடத்துக்கு அருகில் வெளிப்படும் நரம்பு அடிபட்டதன் பயன் அது. உதட்டோரம் கஞ்சி வழிந்தாலும் எனக்குத் தெரியாது. எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டு துடைப்பேன். அறுந்த நரம்பு வளர்வது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கணக்கு என்றார் டாக்டர். 1955-இல் கட்டிமுடித்த பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்காலில் திறந்துவிடும் தண்ணீர் சுமார் 200 கிலோமீட்டர் ஓடிக் கடைமடைக்கு வருவதைக் காத்திருக்கும் குடியானவனுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. ஆனால் அந்தக் குடியானவனின் ஊர்க்காரனான நான் பொறுமையில்லாமல் தினமும் உதட்டைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதத்தில் ஓர் இரவு, முகவாயில் எறும்பு ஊர்வதாக எண்ணித் தட்டிவிட எழுந்தேன். எறும்பு இல்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு அந்த ஊறலை ரசித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கம்பியை அவிழ்த்த நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பதினைந்தாம் நாள் கோயம்புத்தூரில் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கவிழ்த்து எடுத்தபோது, வாய் உடனே திறந்துகொள்ளும் என்று எண்ணியிருந்தேன். துருப்பிடித்த கீல்போல ஒரு விரற்கடை அகலம் திறந்து நின்றுவிட்டது. இனி இரண்டு வாரம் இழுத்துக் கட்டும் சிறு ரப்பர் வளையங்கள் உண்டு என்றும், ஐஸ் குச்சிகளைப் பற்களின் நடுவே அடுக்கி, நாளுக்கொரு குச்சியாகக் கூட்டி, தன் மூன்று விரல்கள் நுழையும்வரை பயிற்சி செய்யவேண்டும் என்றும், ஆறு வாரம் ஆகும்வரை மெல்லும் உணவு கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அன்றிரவு அரிசிம்பருப்புச் சாதத்தைக் கூழாகக் குழைத்து, நெய் விட்டு, சிறு கரண்டியில் எடுத்துக்கொண்டு என் மனைவி எதிரில் உட்கார்ந்தாள். நானே உண்கிறேன் என்று கையை நீட்டவில்லை. ஏன் நீட்டவில்லை என்று எனக்கே தெரியாது. ஐந்தாறு கரண்டி ஆனதும், மரத்த உதட்டை அசைத்து, குழறிய குரலில், பதினைந்து நாட்களுக்குப்பின் முதன்முதலாக ஒரு சொல்லை உச்சரித்தேன்.

"போதும்."

அவள் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சித்தே இருங்க," என்றாள், "கண்ணாடிய எடுத்துட்டு வந்தர்றேன்."